மறுபடியும் அதே பத்துப் படங்கள்தானா?

இரண்டு நாள்களாக ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டியல் சண்டையைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். ‘தமிழர்கள் கொண்டாடத் தவறிய பத்துப் படங்கள்’ என்ற அந்தப் பதிவு யாருடையது என்பது என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ‘அன்பே சிவம்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘ஆரண்ய காண்டம்’ என்று போன அந்தப் பட்டியலின் கீழே, இவையெல்லாம் ஏற்கெனவே கொண்டாடப்படுபவைதான் என்று சொல்லி வேறு நான்கு பெயர்களைப் பின்னூட்டமாக எழுதினேன். “யாரும் பார்க்காத படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில் உங்களுக்கு ஒரு பெருமை சார்” என்று எழுதியவர் முகம் தெரியாதவராக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். என்னோடு வடபழனி டீக்கடையில் நின்று மணிக்கணக்காக சினிமா பேசியவர் அவர். அந்தப் பின்னூட்டத்துக்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பாதி எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பர்களுடையவை. இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஊரே கொண்டாடிக்கொண்டிருக்கும் படத்தைக் கொண்டாடத் தவறிய படம் என்று சொல்லாதீர்கள். ‘அன்பே சிவம்’ 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்றது உண்மை. அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்க்காத தமிழ்க் குடும்பம் எது? ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010இல் திட்டு வாங்கியது. 2021 டிசம்பர் 31 அன்று மறுபடியும் திரையரங்குகளுக்கு வந்தபோது அதே படத்துக்கு நம் இளைஞர்கள் விசில் அடித்தார்கள். ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் வந்த வேகத்தில் போய்விட்டது என்றாலும் படத்தொகுப்புக்கும் அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருது வாங்கியது. இன்று குறும்படம் எடுக்கக் கிளம்புகிற எவரும் அதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. மூன்றுமே எனக்கும் பிடித்த படங்கள்தான், யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவற்றுக்கு நேர்ந்த அநியாயம் எப்போதோ சரிசெய்யப்பட்டுவிட்டது என்கிறேன். நியாயம் கிடைத்தவருக்கே திரும்பத் திரும்பத் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருந்தால், வாசலில் காத்துக்கொண்டிருப்பவர்களை எப்போது உள்ளே கூப்பிடுவது?

காத்துக்கொண்டிருக்கும் படங்களில் ஒன்றாகத்தான் ‘ஒரு கிடாயின் கருணை மனு’வின் பெயரை எழுதினேன். 2017இல் சுரேஷ் சங்கையா இயக்கிய படம். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடியோடு சொந்தபந்தம் மொத்தமும் ஒரு லாரியில் ஏறி, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகிறது. வழியில் மாப்பிள்ளை ஆசைப்பட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஒருவர் அடிபட்டுச் செத்துப்போகிறார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைப் போன்ற இருண்ட நகைச்சுவை தமிழில் அபூர்வம். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். யாருமே கெட்டவர்கள் இல்லை. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு கொடுமையைச் செய்யத் துணிகிறார்கள். அந்தக் கிடா சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. விதார்த் அதில் கதாநாயகன் என்பதையே மறக்கும்படி கூட்டத்தில் ஒருவராகக் கலந்திருப்பார்.

இதை நான் பார்த்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘மக்கள் தவறவிட்டார்கள்’ என்று எழுதுகிறவர்கள் மக்கள் எப்படித் தவறவிடுகிறார்கள் என்று யோசிப்பதே இல்லை. நகரத்துக்குள் இருக்கும் ஒரு திரையரங்கு, பெயர் வேண்டாம். காலைக் காட்சி மட்டும் கொடுத்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் பணத்தை வாங்காமல், “பத்து பேராச்சும் வந்தாத்தான் சார் போடுவோம், கொஞ்சம் நில்லுங்க” என்றார். நின்றோம். கல்லூரிப் பையன்கள் மூவர், தன் மகளோடு வந்திருந்த ஒரு பெரியவர், அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த நான். வண்டி நிறுத்தத்துக்குள் ஒரு பைக் நுழைந்தால் போதும், எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்போம். கடைசியில் அந்தப் பெரியவர்தான் குறைந்த டிக்கெட்டுகளுக்கும் தானே பணம் கட்டினார். “ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்த பிள்ளை தம்பி, ஏமாந்து போகக் கூடாது” என்றார். படம் முடிந்து வெளியே வரும்போது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததைத்தான் நீங்கள் ‘யாரும் பார்க்காத படம்’ என்கிறீர்கள்.

‘நல்ல படமாக இருந்தால் தானாக ஓடும்’ என்று உடனே ஒருவர் வருவார் என்று தெரியும். எங்கே ஓடும்? வேலை நாளில் காலை பத்தரை மணிக்கு, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு மாலில் ஒரே ஒரு காட்சி. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய நடிகரின் படம் வந்ததும் அதுவும் காலி. வாய்வழியாகப் பரவுவதற்கு ஒரு படத்துக்கு ஒரு வாரமாவது தேவைப்படாதா? நித்திலன் இயக்கிய ‘குரங்கு பொம்மை’யும் அதே 2017தான். பாரதிராஜாவும் குமரவேலும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற அந்தக் காட்சிக்குப் பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அதே நித்திலன் 2024இல் ‘மகாராஜா’ எடுத்துப் பெரிய வெற்றி பெற்ற பிறகு, ‘அட, இவர் முதல் படமும் நன்றாக இருக்குமாமே’ என்று தேடிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் படம் மாறிவிட்டதா? அப்படியானால் தானாக ஓடும் என்பது என்ன கணக்கு?

‘மெதுவாகப் போகிற படங்களாகவே சொல்கிறீர்கள்’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, தேவையும் இல்லை.

‘எல்லாம்தான் ஓடிடியில் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். இருந்தால் பார்த்துவிடுகிறோமா? ‘அயலி’ என்ற தொடர் 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்தது. 1990இல் நடக்கும் கதை. வயதுக்கு வந்ததும் பெண்களின் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடும் ஒரு ஊரில், மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். தாய்க்கு விஷயம் தெரிந்த பிறகு தாயும் மகளுமாகச் சேர்ந்து ஊரை ஏமாற்றுகிற இடங்களில் சிரிப்பும் பயமும் ஒன்றாக வரும். எட்டே பகுதிகள், அதுவும் நம் தமிழில். ‘மணி ஹைஸ்ட்’ போல ஸ்பானிஷ் மொழியில் வங்கிக் கொள்ளை அடித்தால் ராத்திரி முழுவதும் விழித்திருந்து பார்த்துவிட்டு முகமூடி வாங்கி மாட்டிக்கொள்கிற நமக்கு, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் என்றால் ‘கருத்து சொல்கிற தொடர் போல’ என்று தோன்றிவிடுகிறது. கருத்து இல்லாமல் எதைத்தான் எடுப்பது?

பழைய தொலைக்காட்சித் தொடர்களின் கதி இன்னும் மோசம். பாலசந்தர் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘ரயில் சிநேகம்’ தொடரில் வரும் ‘இந்த வீணைக்குத் தெரியாது’ பாட்டை மட்டும் ராத்திரி பத்து மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பாட்டு பிழைத்துக்கொண்டது, தொடர் பிழைக்கவில்லை. ‘மர்மதேசம்’ ஒன்றுதான் இன்றைக்கும் பேசப்படுகிறது; அதனால்தான் அதை என் பட்டியலில் சேர்க்கவில்லை. என் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பார்க்காமல் விடுவதற்கு ஒரு விலை உண்டு என்பதற்கு ‘வீடு’ போதும். 1988இல் பாலு மகேந்திரா இதே சென்னையில் எடுத்த படம். அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். பாதி கட்டி நிற்கிற வீட்டைப் பார்க்கத் தாத்தா சொக்கலிங்க பாகவதர் குடையோடு வந்து, பூசாத சுவரைத் தடவித் தடவி நடப்பாரே, கடன் வாங்கி வீடு கட்டிய எவராலும் அந்தக் காட்சியைக் கலங்காமல் கடக்க முடியாது. அந்தப் படத்தின் நெகட்டிவ், அதாவது பிரதிகள் எடுப்பதற்கான மூலச்சுருள், இல்லை என்று பாலு மகேந்திராவே கடைசிக் காலத்தில் வருந்திப் பேசினார். தேசிய விருது பெற்ற படத்துக்கே இந்த நிலை என்றால், காலைக் காட்சியோடு போன படங்களுக்கு என்ன உத்தரவாதம்? ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) முடியும்போது, சொந்த நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு அதிலேயே காவலாளியாக உட்கார்ந்திருக்கும் ரங்கசாமியைப் பின்னால் வருகிறவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

‘உங்கள் ரசனையை எங்கள்மேல் திணிக்காதீர்கள்’ என்று ஒரு நண்பர் பெருந்தன்மையோடு அறிவுரை சொல்லியிருக்கிறார். நான் திணித்தது என்ன? ஒரு பின்னூட்டத்தில் நான்கு பெயர்கள். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள் அறிவுஜீவி, விமர்சகர் சார், உலக சினிமா. உலக சினிமாவாம்! நான் எழுதியது விருதுநகர்ப் பக்கத்து மண்ணின் பேச்சையும் தேனி மலையையும் பற்றி. அசோக் நகர் உதயம் திரையரங்கு 2024இல் மூடப்பட்டபோது அழுது எழுதியவர்களில் இவர்களும் உண்டு. அங்கே கடைசியாக எப்போது டிக்கெட் எடுத்தீர்கள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சுரேஷ் சங்கையா 2024 நவம்பரில் இறந்துபோனார். அன்றைக்குச் சாயங்காலம் என் பக்கம் முழுக்க அஞ்சலிப் பதிவுகள். எளிய மனிதர்களின் இயக்குநர், தமிழ் சினிமாவுக்குப் பேரிழப்பு, இன்னும் என்னென்னவோ. மேலே சொன்ன அந்தப் பின்னூட்டத்தை எனக்கு எழுதியவரும் நீளமாக ஓர் அஞ்சலி எழுதியிருந்தார், அதில் படத்தின் பெயரை ‘ஒரு ஆட்டின் கருணை மனு’ என்று போட்டிருந்தார். அன்று நான் திருத்தவில்லை, இறந்தவர் வீட்டு வாசலில் நின்று எழுத்துப்பிழை பார்ப்பானேன் என்று விட்டுவிட்டேன். அந்தப் பதிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பெயரும் அப்படியேதான் இருக்கிறது.