கி.பி. 410-உடன் எல்லாம் முடிந்துவிடவில்லை

"கி.பி. 410-இல் ரோமானியர் பிரிட்டனைவிட்டுப் போனதுமே வில்லாக்கள் (நாட்டுப்புறப் பண்ணை மாளிகைகள்) எல்லாம் பாழடைந்தன" என்று சொல்வதுண்டு. அது சரியில்லை. பல வில்லாக்கள் சிதைந்தது உண்மைதான். ஆனால் இங்கிலாந்தின் கோல்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் செட்வொர்த் வில்லாவைப் பாருங்கள். அங்கே ஒரு சுவரின் அடித்தளக் குழியில் கிடைத்த கரியையும் எலும்பையும் வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறையில் சோதித்து, முடிவை 2020-இல் வெளியிட்டார்கள். 424-க்கு முன் அந்தச் சுவர் எழுந்திருக்கவே முடியாது. அது எழுந்த பிறகுதான் அதையொட்டிய அறையில் மொசைக் தரை போட்டிருக்கிறார்கள்! நான்காம் நூற்றாண்டு வேலையைவிடக் கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, வடிவத்தில் பிழைகள் தெரிகின்றன. ஆனாலும் சின்னச் சின்னக் கல்லாகப் பதிக்க ஆளும், கூலி கொடுக்க ஒருவரும் இருந்திருக்கிறார்கள். போனது படையும் நிர்வாகமும். வில்லாக்களை வைத்திருந்த நிலத்துக்காரர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள்; அவர்கள் எங்கே போவார்கள்?