அந்த லாரி வேறு எங்கே நிற்கும்?

இரண்டு நாளாக எல்லோர் ஃபேஸ்புக் பக்கத்திலும் அந்த வீடியோதான். நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். சாலையோரம் நிற்கும் டிரெய்லர், அதன் நிழலில் ஸ்டவ், ஸ்டவ் மேல் சோற்றுப் பானை. காரிலிருந்து இறங்கி வந்தவர் அதைக் காலால் எத்திவிட்டுப் போகிறார். கீழே "சரியான பாடம்", "இவங்களை இப்படித்தான் கேட்கணும்" என்று வரிசையாகக் கருத்துகள். அதில் பதினோரு பேர் என் நண்பர்கள். ஒருவர் என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் பரிமாறியவர்.

நான் பிறந்து வளர்ந்தது வடசென்னையில், திருவொற்றியூர். இப்போது இருப்பது மாதவரம். அந்தச் சாலையில் தினமும் ஸ்கூட்டியில் போகிறேன். லாரி நிற்பதால் வரும் தொல்லை எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் கேட்கிறேன். அந்த லாரி வேறு எங்கே நிற்கும்? நீங்களே ஓர் இடத்தைச் சொல்லுங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம், அதாவது சரக்கை இரும்புப் பெட்டியோடு கப்பலில் ஏற்றி இறக்கும் இடம், வந்தது 1983-இல். கார் தொழிற்சாலைகள் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஊருக்குத் தென்மேற்கே வந்தன. துறைமுகம் வடகிழக்கு மூலையில். நடுவே மொத்தச் சென்னையும் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிகளை வைத்துச் சுங்கச் சோதனை செய்யும் கிடங்குகளோ மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கம். ஆக, ஏற்றுமதிச் சரக்கு ஊரைக் கடந்தோ சுற்றியோதான் வந்தாக வேண்டும். பகலில் நகரச் சாலைகள் பலவற்றில் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை. அந்தப் பகலை அது எங்கே கழிக்கும் என்று யாராவது யோசித்தார்களா? தொழிற்சாலைக்கு இடம் குறித்தார்கள், கிடங்குக்கு இடம் குறித்தார்கள், கப்பலுக்கு ஆழம் தோண்டினார்கள். துறைமுக வாசலில் காத்திருக்கும் லாரிக்கு மட்டும் இடம் குறிக்கவில்லை.

வழி போடாமலும் இல்லை, போட்டதை முடிக்கவும் இல்லை. துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. கூவத்துக்குள் எழுப்பிய தூண்கள் மேலே பாரம் இல்லாமல் வருஷக்கணக்காக நின்றதை ஊரே பார்த்தது. 2022 மே மாதம் அதே சாலைக்கு, இப்போது ஈரடுக்காக, மறுபடி அடிக்கல். பதின்மூன்று வருஷம்! எண்ணூர் - மணலி சாலைகளை அகலப்படுத்தும் திட்டமும் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. யார் ஆட்சியில் நின்றது, யார் ஆட்சியில் நடந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்த வருஷங்கள் முழுக்க லாரிகள் எங்கே நின்றன என்பதுதான் என் கேள்வி. எங்கள் தெருமுனையில் நின்றன.

என் அப்பா டிரெய்லர் ஓட்டியவர். கிடங்கிலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து கிடங்கு. நடைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு நடைக்கு நாலு மணி நேரம் ஆனாலும் இரண்டு நாள் ஆனாலும் காசு ஒன்றுதான்.

2013-இல் எனக்கு நிச்சயதார்த்தம். முந்தின நாள் காலையிலேயே அப்பா எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரி லைனில் மாட்டிக்கொண்டார். "கேட்டுக்குள்ள போயிட்டா போதும்மா, ராத்திரிக்குள்ள வந்துடுவேன்" என்று போன் செய்தார். ராத்திரி வரவில்லை. காலையிலும் வரவில்லை. வண்டியை விட்டுவிட்டு வரமுடியாது. பெட்டிக்குள் யாரோ ஒருவரின் லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்கு. லைனை விட்டு வெளியே எடுத்தால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். தாம்பூலம் மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா, "பொண்ணோட அப்பா எங்கே?" என்று கேட்டார். அம்மா, "லைன்ல நிக்கிறாருங்க" என்றார். அவருக்குப் புரியவில்லை. ரேஷன் கடை லைனா என்று கேட்டார். தட்டை என் தாய்மாமாதான் வாங்கினார். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு சாயங்காலம் அப்பா வந்தார், காக்கிச் சட்டையோடு. மிச்சமிருந்த கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"இருட்டில் விளக்கு இல்லாமல் நிறுத்துகிறார்கள், பைக்கில் வருபவர்கள் பின்னால் மோதிச் சாகிறார்கள்" என்று சொல்வீர்கள். இதை நான் மறுக்கவே மாட்டேன். என்னோடு பள்ளியில் படித்தவளின் தம்பி அப்படித்தான் போனான். ஒளிரும் பட்டை ஒட்டாமல், எச்சரிக்கை முக்கோணம் வைக்காமல் நிறுத்துகிறவருக்கு அபராதம் போடுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் அபராதம் கட்டிய பிறகு அவர் வண்டியை எங்கே கொண்டுபோவார்? அடுத்த அரைக் கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு இருட்டில் நிறுத்துவார். அங்கே இன்னொரு வீட்டுப் பையன் வருவான்.

"மாதவரத்தில் லாரி முனையம் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறது. அங்கே நிறுத்தினால் துறைமுக லைனில் உங்கள் இடத்தை யார் பிடித்து வைப்பார்கள்? துறைமுக கேட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய நிறுத்துமிடம், உள்ளே வந்ததும் ஒரு டோக்கன், முறை வந்ததும் போனில் அழைப்பு என்று இருக்க வேண்டும். கோயில் தரிசனத்துக்கு இதைச் செய்யத் தெரிந்த ஊர் இது.

"எல்லாவற்றையும் ரயிலில் அனுப்பலாமே" என்றும் ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. 45 வேகன் கொண்ட ஒரு கன்டெய்னர் ரயில், 20 அடிப் பெட்டிகள் 90-ஐ ஒரே தடவையில் கொண்டுபோகும். சாலையில் அத்தனை வண்டி குறையும். ஆனால் 40, 50 கிலோமீட்டருக்கு ரயில் கட்டுப்படியாகாது. இரண்டு முனையிலும் பெட்டியைத் தூக்கி இறக்கும் செலவே ரயில் கூலியைத் தின்றுவிடும். அதனால்தான் கிடங்கும் தண்டவாளமும் தொழிற்சாலையும் ஒரே இடத்தில் சேரும்படி முதலிலேயே திட்டம் போட வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் அப்படி ஒரு சரக்குப் பூங்காவுக்கு 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள், தொழிற்சாலைகள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. சரக்குக்கென்றே தனி ரயில்பாதை வடக்கே இரண்டு போட்டார்கள். மேற்குப் பாதை மட்டும் 1,506 கிலோமீட்டர். தெற்கே ஒரு கிலோமீட்டர்கூட வரவில்லை.

"டிரைவர்கள் குடிக்கிறார்கள்" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. குடித்திருந்தாலும் அவர் சோற்றை எத்த உங்களுக்கு உரிமை கிடையாது.

குடிப்பதைப் பற்றிப் பேசுகிறீர்களே, அப்பா தண்ணீரே குடிக்க மாட்டார். லைனில் நிற்கும்போது மதியத்துக்கு மேல் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டார், ஒதுங்க இடமில்லை என்பதால். இரண்டு தடவை சிறுநீரகக் கல். டாக்டர் "ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும்" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம், "மூணு லிட்டர் குடிச்சா எங்கம்மா போறது?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஓட்டுநர்கள் இரவு தங்க நேரும் இடங்களில் ஓய்வறை இருக்க வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. முதலாளிதான் செய்து தர வேண்டும் என்றும் சொன்னது. 2025 வரை நடப்பில் இருந்த அதே சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. அப்பாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினேன். யாருக்கோ எழுதிய கடிதத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் கையில் இருக்கும் போன், வீட்டில் ஓடும் வாஷிங் மெஷின், பிள்ளைக்கு வாங்கிய பொம்மை, இதில் எத்தனை அந்த டிரெய்லர் மேல் ஏறி வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். பொருள் வேண்டும், கொண்டுவருகிறவர் மட்டும் கண்ணில் படக் கூடாதா? பந்தியில் பரிமாறிய நண்பரே, உங்களைத்தான் கேட்கிறேன். ஒரு பானைச் சோறு மண்ணில் கொட்டுவதைப் பார்த்துச் சிரிப்புக் குறி போட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நேற்று ராத்திரி அப்பாவும் அந்த வீடியோவைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஓட்டச் சொன்னார். டிரைவர் யாராவது தெரிந்தவரா என்று கேட்டேன். இல்லை என்றார். "அந்த இடம் தெரியும். பின்னாடி ஒரு அடிபம்பு இருக்கும், அதான் அங்க நிறுத்தியிருக்கான். நாங்களும் அங்கதான் உலை வைப்போம்" என்றார்.