ரிப்போர்ட்டில் இருந்தது என் பெயர்

என் மனைவி ஏழு வாரக் கர்ப்பிணி. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒவ்வொரு பத்தியையும் படித்தாள், இரண்டை நீக்கச் சொன்னாள், நீக்கிவிட்டேன்.

நல்ல செய்தியை மட்டும் சொல்வதாக இருந்தால் இன்னும் ஐந்து வாரம் பொறுத்திருப்பேன். அதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று நெடுநாளாகப் பாக்கி இருக்கிறது. நான்கு ஆண்டுகளாக எங்களுக்குக் குழந்தை தங்காததற்குக் காரணம் என் உடலில் இருந்தது. அவளுக்கு எடுத்த பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. மூன்று நாட்களுக்கு முன்புவரை இது எங்கள் இருவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே தெரியும். மற்ற எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள், அவளிடம்தான் கேட்டார்கள், அவளுக்குத்தான் வழி சொன்னார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியை இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. மலடி என்ற சொல் எல்லார் நாக்கிலும் இருக்கிறது. மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மொழியே எனக்குச் சாதகமாக இருந்தது. அதன் நிழலில் நான் சொகுசாக உட்கார்ந்துகொண்டேன்.

எப்படி உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தடுப்பு முறை எதுவும் இல்லாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே. நாங்கள் ஒன்றரை ஆண்டு கழித்துப் போனோம். இரண்டாவது முறை போனபோதே மருத்துவர் இரண்டு சீட்டுகள் எழுதினார். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. எனக்கான சீட்டில் விந்தணுப் பரிசோதனை என்று ஒரே வரி. அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தேன். ஐந்து மாதம் அங்கேயே இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, எழுத்து மங்கி, கடைசியில் புதுச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அந்த ஐந்து மாதத்தில் அவள் ஹார்மோன் பரிசோதனைகளுக்கு நான்கு முறை இரத்தம் கொடுத்தாள். ஸ்கேன் எத்தனை என்று கணக்கு இல்லை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, கருப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே வந்தபோது நிமிர்ந்து நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் எழுந்து ஓடிப்போய்த் தாங்கினேன். அப்போதும் அந்தச் சீட்டு என் பின்பாக்கெட்டில்தான் இருந்தது.

இத்தனைக்கும் ஆணுக்கு அது என்ன பெரிய பரிசோதனை? இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டு, ஓர் அறைக்குள் போய், ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டு வருவது. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வலி இல்லை. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. முதல் நாளே செய்ய வேண்டியது இதுதான். அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் மாதக்கணக்கில் துருவிக்கொண்டிருப்பது மருத்துவமே இல்லை, கோழைத்தனம். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

ரிப்போர்ட் வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 30 லட்சம் விந்தணு. படித்தவுடன் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா? 30 லட்சம் பேர் சேர்ந்தால் ஒரு மாநகரம் ஆகிவிடுமே என்று நினைத்தேன். பக்கத்து வரியில் ஒப்பீட்டு அளவு இருந்தது: 1 கோடியே 60 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள கீழ் எல்லை அது. அதற்குக் கீழே இருந்தால் முடியவே முடியாது என்று பொருள் இல்லை, கடினம் என்று பொருள். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். சிகரெட்டை விட்டேன். மறுபடி பார்த்தால் 40 லட்சம். விதைப்பையில் இரத்தநாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள், இல்லை. காரணம் என்ன என்று கேட்டேன். பலருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை என்றார் மருத்துவர். இக்ஸி என்ற செயற்கைக் கருத்தரிப்பு முறைக்குப் போகலாம் என்று முடிவாயிற்று.

இங்கேதான் எனக்கு உறைத்தது. 1978இல் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, அவருடைய தாய்க்கு இருந்தது கருக்குழாய் அடைப்பு. பெண்ணின் தடைக்கு ஒரு வழியாக வந்தது ஐவிஎஃப் என்ற அந்த முறை. 1992இல் பிரஸ்ஸல்ஸில் இருந்து வந்த இக்ஸி முக்கியமாக என்னைப் போன்றவர்களுக்கானது. ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியில் எடுத்து ஒரு முட்டைக்குள் செலுத்துகிறார்கள். குறை என்னுடையது. சிகிச்சையோ முழுக்க முழுக்க அவள் உடம்பில். அன்றும் எனக்கு இருபது நிமிடம், ஒரு டப்பா, அவ்வளவுதான்.

முட்டைகள் வளர அவளுக்கு பதினொரு நாள் ஊசி. தொப்புளில் இருந்து இரண்டு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். முதல் நாள் செவிலியர் காட்டிக்கொடுத்தார். மறுநாளில் இருந்து நான். இடையில் இன்னொரு ஊசியும் சேர்ந்தது. அது பொடியாக இருக்கும், நீரைச் செலுத்திக் கரைக்க வேண்டும், குலுக்கக்கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். என் கை நடுங்கியதில் இரண்டு முறை நுரைத்துவிட்டது. "நுரை அடங்கட்டும், அவசரம் ஒன்றும் இல்லை" என்று சட்டையை மேலே தூக்கிப் பிடித்தபடி அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஏழாம் நாளுக்குள் வயிற்றில் புதிதாகக் குத்த இடம் தேட வேண்டியிருந்தது. நீலம், பச்சை, மஞ்சள் என்று காயங்கள் நாள்வாரியாக நிறம் மாறிக்கொண்டே இருந்தன.

முட்டைகளை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கு மட்டும் நேரம் தவறவே கூடாது. அதற்குப் பிறகு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுத்தாக வேண்டும். செவ்வாய் இரவு பத்தரைக்கு ஊசி, வியாழன் காலை பத்தரைக்கு அறுவை அரங்கு. செவ்வாய்க்கிழமை மூன்று அலாரம் வைத்தேன். எட்டு மணிக்கே இருவரும் படுக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேச ஒன்றும் இல்லை. பத்து இருபதுக்கு அவள் திடீரென்று, "உங்கள் தங்கை நேற்று என்ன சொன்னாள் தெரியுமா?" என்றாள். "மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி, தானாக வரும்" என்று சொன்னாளாம். இருவரும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? எண்ணிக்கை குறைந்தது எனக்கு, மனதை லேசாக வைத்துக்கொள்ள வேண்டியது அவள்!

இந்த அறிவுரையைப் பற்றி ஒன்று. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 14 ஆய்வுகளில் இருந்த 3,583 பெண்களின் தகவலைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் ஒரு பெண்ணுக்கு இருந்த மன உளைச்சலுக்கும் அந்தச் சுற்றில் அவள் கருவுற்றாளா இல்லையா என்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஆகவே தயவுசெய்து யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள். தோற்றுப்போன ஒருத்திக்கு, நீ கவலைப்பட்டதால்தான் தோற்றாய் என்றுதான் அது காதில் விழும்.

13 முட்டைகள் எடுத்தார்கள். 10 முதிர்ந்தவை. 7 கருவாயின. ஆறாம் நாள் தொலைபேசியில் வந்த எண் 3. ஒவ்வொரு அழைப்பிலும் எண் குறைந்துகொண்டே வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தாலும் வலிக்கத்தான் செய்கிறது. அவளுடைய கருவகங்கள் வீங்கியிருந்ததால் மூன்றையும் உறையவைத்துவிட்டு, உடம்பு தேறட்டும் என்றார்கள். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் எங்கள் மூன்று பேர்.

முதல் கரு தங்கவில்லை. அதை உள்ளே வைத்த பதினோராம் நாள் இரத்தப் பரிசோதனையில் கர்ப்ப ஹார்மோனான ஹெச்சிஜி 38. இரண்டு நாளில் ஏறத்தாழ இரட்டிப்பாக வேண்டியது, 21 ஆகிவிட்டது. ஸ்கேனில் தெரியும் அளவுக்குக்கூட வளராமல் கலைந்துவிட்டது. அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அன்று நான் மாடிப்படி ஏறினேனே, அதனாலா?" கரு வைத்தபின் படுத்தே கிடப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவரும் அதைத்தான் சொன்னார். இவ்வளவு ஆரம்பத்தில் கலைபவற்றில் பெரும்பாலானவை கருவின் குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. படியில் ஏறியதால் விழுந்துவிட அது பையில் வைத்த பொருள் இல்லை என்றார். குரோமோசோமில் பாதி என்னுடையது. ஆனாலும் மாடிப்படியை எண்ணியது அவள்தான்.

மறுநாள் அவள் அலுவலகம் போனாள். அங்கே யாருக்கோ பிறந்தநாள். இரத்தப்போக்கு இருந்துகொண்டிருந்தபோதே எல்லாரோடும் நின்று கை தட்டிவிட்டு வந்தாள். மூன்று மாதம் சொல்லக்கூடாது என்ற ஏற்பாடு யாருக்கு வசதியாக இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. கலைந்துபோனால் மற்றவர்களுக்குச் சங்கடம் இல்லை. சொல்ல வேண்டாம் என்று விரும்புகிறவர்கள் சொல்ல வேண்டாம், அது அவர்கள் உரிமை. ஆனால் சொல்லாததால் எங்களுக்குத் துக்கம் குறையவில்லை. துக்கம் கேட்க ஆள்தான் இல்லாமல் போயிற்று. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறு தடையைச் சந்திக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. எங்களைச் சுற்றியும் இருந்திருப்பார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது, எங்களை அவர்களுக்கும் தெரியாது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது கரு. திரையில் ஓர் அரிசிமணி வெளிச்சம் போல ஒரு புள்ளி உள்ளே போய் நின்றது. கர்ப்பக் கணக்கு கடைசி மாதவிடாயில் இருந்து தொடங்குவதால், ஐந்து நாள் கருவை வைத்த அன்றே கணக்குப்படி இரண்டு வாரம் ஐந்து நாள். பதினோராம் நாள் ஹெச்சிஜி 214. பதின்மூன்றாம் நாள் 468. நான் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வகுத்துப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன். அவள் அதைத் தொடவே இல்லை. இன்றுவரை கழிவறையில் இருந்து அவள் வெளியே வரும்போது நான் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மூன்று நாட்களுக்கு முன் ஸ்கேன். ஆறு வாரம் நான்கு நாள். கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெண்மை, அதற்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. "பார்த்தீர்களா?" என்று மருத்துவர் கேட்டார். எனக்குக் கண்ணாடி போட்டும் மங்கலாகத்தான் தெரிந்தது. நிமிடத்துக்கு 118 என்று அவர் எழுதிக்கொண்டார். துடிப்பைப் பார்த்துவிட்டால் கலையும் வாய்ப்பு நன்றாகக் குறையும் என்றார், பூஜ்யம் ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாலை அம்மாவுக்குப் போன் செய்தேன். கர்ப்பத்தைச் சொல்வதற்கு முன்னால் மற்றதைச் சொல்ல வேண்டும் என்று வழியிலேயே தீர்மானித்திருந்தேன். முந்தைய மாதம்தான் அம்மா, "அவளுக்கு இன்னொரு மருத்துவரைக் காட்டிப் பாரேன்" என்று சொல்லியிருந்தாள். "அம்மா, குறை அவளிடம் இல்லை, என்னிடம்" என்றேன். எண்ணிக்கையையும் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. அடுத்து இதயத் துடிப்பைச் சொன்னேன். மகிழ்ச்சியாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவளிடம் போனைக் கொடு" என்றாள்.

என் மனைவி போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருபது நிமிடம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முறை கண்ணைத் துடைத்தாள், ஒரு முறை சிரித்தாள். உள்ளே வந்து போனை மேசையில் வைத்தாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு இடுப்பில், கரு தங்க உதவும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோன் ஊசி போட வேண்டும். எண்ணெயில் கலந்த மருந்து, கெட்டியாக இருக்கும், போடும் முன் கொஞ்ச நேரம் கைச்சூட்டில் வைத்திருந்தால் வலி குறையும். இன்னும் சில வாரங்களுக்கு அது உண்டு.

"மணி எட்டே முக்கால் ஆகிவிட்டது," என்றாள், "மருந்தை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்."