ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் எங்கே போய்ச் சொல்வது?

யாழ்ப்பாணத்தில் ஒரு தாதிக்கு மனசு சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘இருந்து என்ன செய்ய’ என்ற எண்ணம் அடிக்கடி வந்து போகிறது. அவர் எங்கே போவார்?

மனநலக் கிளினிக் போதனா வைத்தியசாலையிலும் இருக்கிறது, தெல்லிப்பழையிலும் இருக்கிறது. நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போனதும் முதல் வேலை பதிவு. பெயர், வயது, விலாசம், தொழில். அதை எழுதுகிறவர் கூடப் படித்தவராக இருப்பார், இல்லாவிட்டால் கூடப் படித்தவரின் மச்சாளாக இருப்பார். வாங்கில் இருந்து முறைக்காகக் காத்திருக்கும்போது, தான் போன மாதம் பராமரித்த பிள்ளையின் தாய் பக்கத்தில் வந்து, “மிஸ்ஸி, நீங்கள் இங்கை என்ன?” என்று அன்பாகத்தான் கேட்பார். கையில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? பின்னேரத்துக்குள் வார்ட்டுக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை கோயிலில் தெரிந்துவிடும். வீட்டில் கலியாணம் பேசுகிற வயதில் தங்கச்சி இருந்தால் அவளுடைய காரியம் வரைக்கும் அந்தக் கதை போகும். அதனால் அவர் போகமாட்டார்.

நான் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரவு டியூட்டியில் ஒரு பிள்ளை இறந்துபோகும். தாயின் அழுகை வெளி விறாந்தை வரைக்கும் கேட்கும். அந்தப் பிள்ளையைப் பார்த்த இளம் தாதி பெட்ஹெட் டிக்கட்டை எழுதி முடித்து, குழாயடியில் முகத்தைக் கழுவிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு ஊசி போடப் போவார். காலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சமைப்பார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள், எங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டொக்டர்மார், தாதியர், ஊழியர், நோயாளிகள் என்று எத்தனையோ பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு வருடமும் விளக்கேற்றுகிறோம். உயிர் தப்பித் திரும்பவும் அதே விறாந்தையில் நடந்து வேலை செய்தவர்களை இருத்திவைத்து ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. பிறகு போர், கொரோனா, 2022இன் மருந்துத் தட்டுப்பாடு, கூட வேலை செய்தவர்கள் வெளிநாடு போய்விட மிச்ச ஆக்களின் தோளில் ஏறிய டியூட்டிகள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினை இல்லை. பல நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2024இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பெண் மருத்துவர்கள் தற்கொலையால் இறக்கும் வீதம் பொதுச் சனத்தொகையில் உள்ள பெண்களைவிட 76% அதிகம் என்கிறது. வைத்தியம் தெரிந்தவர்களுக்கு உதவி கிடைக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். எங்கே உதவி இருக்கிறது என்று தெரிந்திருப்பது ஒன்று, அங்கே போய் இருக்க முடிவது இன்னொன்று.

அதனால்தான் போன் வழியாகக் கிடைக்கும் உதவியை நான் ஆதரிக்கிறேன். ‘போன்தான் இன்றைக்கு வருத்தமே, அதிலே வைத்தியமா’ என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். வாங்கில் போய் இருக்க முடியாத ஒருவருக்கு, இரவு மூன்று மணிக்கு, பெயர் சொல்லாமல் வாய் திறக்க வேறு எந்த வழி இருக்கிறது என்று அவர்கள் சொல்லட்டும்.

பெயர் சொல்லாமல் என்பதுதான் இதில் முழு விசயமும். அமெரிக்காவில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2009இல் ‘ஹியர்’ என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மருத்துவர்களுக்கு, பிறகு 2016இல் தாதியருக்கும். மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும். அதற்குள் போய் மனநிலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதலாம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. மறுபக்கத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் அதை வாசித்துப் பதில் போடுவார். இவர் திரும்ப எழுதலாம், மற்றவரும் எழுதுவார். முகம் தெரியாமலே கதை நீளும். நேரில் வரவேண்டுமா என்பதை எழுதுகிறவர் தீர்மானிப்பார். எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஒரு விசயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்படி ஒன்று இங்கே வந்தால் அதன் சாவி ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் கையில் இருக்கக்கூடாது. இடமாற்றம், பதவி உயர்வு, டியூட்டி பட்டியல் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற அதே அலுவலகத்திடம் ‘எனக்குச் சாகவேணும் போல இருக்கிறது’ என்று யார் எழுதிக் கொடுப்பார்? பதில் எழுதுகிற ஆலோசகரும் வேறு மாவட்டத்தில் இருக்கட்டும். தமிழில் எழுதத் தெரிந்தவராக இருந்தால் போதும், மட்டக்களப்பிலிருந்தும் எழுதலாம்.

வேறொரு தடையும் இருக்கிறது. அதை ஆஸ்பத்திரி ஆக்களாகிய நாங்கள்தான் போட்டு வைத்திருக்கிறோம். உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டு ஒருவர் வார்ட்டுக்கு வந்தால், அந்தக் கட்டிலைச் சுற்றி என்ன கதைக்கிறார்கள் என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ‘இதுக்கெல்லாம் எங்கடை கட்டிலும் மருந்தும்’ என்ற பேச்சை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த சட்டத்தையே இலங்கை 1998இல் நீக்கிவிட்டது. எங்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. அந்தப் பேச்சை மருந்து வண்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் இளம் தாதியோ அற்றெண்டனோ, தனக்கு அந்த எண்ணம் வரும்போது எங்களிடம் வந்து சொல்வாரா? எத்தனை செயலி வந்தாலும் இந்தப் பேச்சு நிற்காவிட்டால் அவர் வாய் திறக்கமாட்டார்.

செயலிகள் என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும், கண்டதை இறக்கிவிடாதீர்கள். மனச்சோர்வுக்கும் தற்கொலைத் தடுப்புக்கும் என்று வந்த 69 செயலிகளைச் சோதித்து 2019இல் ஒரு ஆய்வு வந்தது. தற்கொலையைத் தடுக்க வைத்திய வழிகாட்டிகள் சொல்லும் ஆறு விசயங்களும் இருந்தவை வெறும் ஐந்து. ஆறு செயலிகளில் அவசர உதவி இலக்கமே பிழை. அதில் இரண்டைப் பத்து லட்சத்துக்கும் கூடுதலாக இறக்கியிருந்தார்கள். வெளிநாட்டுச் செயலி ஒன்று 988ஐ அழைக்கச் சொன்னால் அது அமெரிக்காவின் இலக்கம், கோப்பாயில் இருக்கிறவருக்கு உதவாது. எங்களுக்கு 1926 இருக்கிறது, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநான்கு மணி நேரமும். 1333 இருக்கிறது, கட்டணம் இல்லை. இந்த இரண்டையும் இதை வாசிக்கிற இந்த நேரத்திலேயே போனில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். இப்போதே அந்த நிலையில் இருக்கிறவர் யாராவது இதை வாசிக்கிறீர்கள் என்றால், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் அழையுங்கள்.

நல்ல செயலிகளில் பெரும்பாலும் இருப்பது பாதுகாப்புத் திட்டம். ஸ்டான்லி, பிரவுண் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் எழுதிவைக்க வேண்டும். எனக்கு மோசமான நேரம் வருகிறது என்று எப்படித் தெரியும்? தனியாக இருந்து என்ன செய்தால் கொஞ்சம் இறங்கும்? யாரோடு இருந்தால் மனம் வேறு பக்கம் போகும்? யாரிடம் உதவி கேட்கலாம்? எந்த வைத்தியரை, எந்த இலக்கத்தை அழைக்கலாம்? ஆபத்தானவற்றை எப்படித் தூர வைப்பது? இவ்வளவுதான். முதல் கேள்விக்கு ஒருவர் ‘டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் சைக்கிள் பார்க்கில் நிற்கிறேன்’ என்று எழுதலாம். அது அவருக்கு மட்டும் தெரிந்த அடையாளம். அதை அவரே கண்டுபிடித்து எழுதிவைத்திருப்பதுதான் பலம்.

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் அதன் பெறுமதியை உலகத்துக்குக் காட்டியதே எங்கள் நாடுதான். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்துகொண்டிருந்தார்கள். மிக ஆபத்தான பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அந்த வீதம் எழுபது சதவீதமளவில் விழுந்தது. அந்த நேரம் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் போனதால் பிழைத்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு இந்தக் கேள்வியைத் தனியாக நிரப்புவது கடினம். அவருக்குப் பக்கத்தில் விசயம் தெரிந்த, வெளியே சொல்லாத ஒரு கூட்டாளி வேண்டும். கொஞ்ச நாளைக்கு வேறு பிரிவில் போடச் சொல்லிக் கேட்க ஒரு வழியும் வேண்டும், காரணம் எழுதிக் கொடுக்காமல்.

திட்டத்தை எழுதி போனில் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2018இல் வந்த ஆய்வொன்றில் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் இந்தத் திட்டத்தை எழுதவைத்து, பிறகு தொலைபேசியில் அழைத்தும் விசாரித்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களிடம் தற்கொலை சார்ந்த செயல்கள், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 45% குறைவாக இருந்தன. அழைத்து ‘இப்ப எப்படி?’ என்று கேட்ட மனிதரையும் சேர்த்துத்தான் அந்தப் பலன். ஆகவே செயலிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள், அதன் மறுபக்கத்தில் இருந்து பதில் எழுதவும் அழைக்கவும் ஆக்களுக்குச் சம்பளம் ஒதுக்கவேண்டும். அது இல்லாமல் செயலியை மட்டும் வெளியிட்டு வைத்தால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். தொடர்ந்து இரவு டியூட்டி போட்டுவிட்டு, போனில் மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்வதையும் ஆதரிக்க மாட்டேன்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், என் மனதில் இருப்பது இன்டேர்ன் டொக்டர்மார். 2015இல் அமெரிக்காவில் 199 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உள்ளகப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, நான்கு வாரம், வாரத்துக்கு அரை மணி நேரம், இணையத்தில் சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் சிகிச்சைப் பயிற்சி. அடுத்த வருடத்தில் தற்கொலை எண்ணம் வந்தவர்கள் இந்தப் பயிற்சி கிடைத்த குழுவில் 12%, கிடைக்காத குழுவில் 21%. எங்கள் பிள்ளைகள் இறுதிப் பரீட்சை முடித்து நியமனம் வரும்வரைக்கும் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நான்கு அரை மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். யாழ் மருத்துவ பீடத்தில் உளமருத்துவத் துறை இருக்கிறது, தமிழில் எழுதக்கூடிய ஆக்களும் இருக்கிறார்கள். அடுத்த தொகுதி நியமனத்துக்கு முன் அதைத் தமிழில் செய்து பார்க்கலாம். தாதியர் பயிற்சிக் கல்லூரிப் பிள்ளைகளையும், கிராமங்களில் தனியே அலையும் குடும்பநல உத்தியோகத்தர்களையும் அடுத்ததாகச் சேர்க்கலாம். பீடத்தில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால் கீழே எழுதுங்கள், தமிழாக்கத்தை வாசித்துத் திருத்திக்கொடுக்க நான் வருகிறேன்.