கணக்குக் கேட்பது துரோகமா?

ஞாயிற்றுக்கிழமை, கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் உள்ள எங்கள் வார்டு கிராமசபையில் நடந்ததைப் பலரும் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். மீண்டும் விவரிக்கப் போவதில்லை. அரசுப் பணத்தில் ஒரு சங்கம் நடத்தும், தமிழ்ப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பின் வரவு செலவைக் கேட்டேன். "அது சங்கத்தின் கணக்கு" என்றது பஞ்சாயத்து. "அது அரசுத் திட்டம்" என்றது சங்கம்.

நான் கேட்டது ஒன்றுதான்: பொதுப்பணம் வாங்குகிறவர் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இது என் ஆசையன்று, சட்டம். அரசின் கணிசமான நிதியில் இயங்கும் தொண்டு நிறுவனங்களையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. பாதிக்கு மேல் அரசுப் பணம் இருந்தால்தான் 'கணிசம்' என்றில்லை என்பதை 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது. சங்கப் பதிவிலும் எங்கள் பாலக்காட்டு மாவட்டத்துக்கு இரண்டு சட்டங்கள்: பழைய கொச்சி நாட்டைச் சேர்ந்த சித்தூர்ப் பக்கத்துக்கு 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம், மலபார்ப் பக்கத்துக்கு 1860ஆம் ஆண்டின் வெள்ளைக்காரன் சட்டம். எதில் பதிந்தாலும் வாங்கியது மக்கள் பணம்தானே?

அந்த வகுப்பில் ஏழு மாதம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். மூன்று மாதம் மதிப்பூதியம் வந்தது. நான்காம் மாதம், தொகை எழுதாத வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, "டீச்சரே, தொகையைப் பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தது என் முட்டாள்தனம். அந்தத் தாளில் இன்று என்ன தொகை இருக்கிறது என்பதை அறிய எனக்கு உரிமையில்லையாம்!

அரசுக்குப் பிடிக்காத அமைப்புகளை மிரட்டவே கண்காணிப்பு பயன்படுகிறது என்பார்கள். உண்மைதான், தொண்டு அமைப்புகள் வெளிநாட்டிலிருந்து பணம் பெறுவதற்கான சட்டத்தை 2020இல் இறுக்கியபோது நானும் இங்கேயே எதிர்த்து எழுதினேன். அது டெல்லியோடு போடும் சண்டை, இது எங்கள் தெருப் பிள்ளைகளின் வகுப்பு. "சேவை செய்பவர்களைச் சந்தேகிக்கலாமா" என்ற உபதேசத்தைத்தான் தாங்க முடியவில்லை. கோயில் திருவிழா முடிந்ததும் பத்து ரூபாய் கொடுத்தவர் பெயர்வரை நோட்டீசில் அச்சிட்டு ஒட்டும் ஊர் இது; அப்போது சாமிக்குக் கோபம் வருவதில்லை, சங்கத்துக்கு மட்டும் வந்துவிடுகிறது.

நான்கு மாதச் சம்பளத்துக்காக நாடகம் ஆடுகிறேன் என்று ஒருவர் எழுந்து சொன்னார். ஆம், அந்தப் பணமும் எனக்கு வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் பேசி முடித்ததும் கை தட்டியவர்களில், என்னிடம் 'அ' எழுதப் பழகிய பிள்ளையின் அம்மாவும் இருந்தார்.