தொலைக்காட்சியில் கற்ற மார்க்கம் மட்டமானதா?

கடந்த வெள்ளியன்று தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு நம் பள்ளிவாசலில் நடந்த பயான் என்ற மார்க்க உரையைப் பற்றி, நோன்பு மாதத்தில் மனக்கசப்பு வேண்டாமென்று வாய் திறக்காமல் இருந்தேன். அந்த ஒலிப்பதிவு இப்போது குடும்பக் குழுக்களிலெல்லாம் சுற்றுவதால், பெண்கள் பகுதியில் உட்கார்ந்து அதைக் கேட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

தொலைக்காட்சியில் மார்க்கம் படிப்பது கூத்துப் பார்ப்பதற்குச் சமம் என்றார் பயான் செய்த மார்க்க அறிஞரான ஹஜ்ரத். முன்வரிசையில் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த மூத்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் பலர் அப்படித்தான் படித்தார்கள்.

என் உம்மாவும் அப்படித்தான். காரைக்காலிலிருந்து மணமாகிப் பினாங்குக்கு வந்தவர். முழங்கால் வலியால் படியேற முடியாமல் போன பிறகு ஆஸ்ட்ரோ ஒயாசிஸ் என்ற இஸ்லாமியத் தொலைக்காட்சி அலைவரிசைதான் அவருக்கு மத்ரஸா. பாதி விளங்கும் மலாயில் உஸ்தாஸ் என்ற மார்க்க ஆசிரியர் ஓதிக் காட்டும் துஆக்களை (வேண்டுதல்களை), கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி, குர்ஆன் முஸ்ஹஃபுக்குள் மடித்து வைப்பார். நகைக்கு ஜகாத் என்ற கட்டாயத் தர்மம் உண்டா என்று ஆண்களிடம் கேட்டபோது உனக்கெதற்கு அதெல்லாம் என்றார்கள்; அணியும் நகை வழக்கமான அளவைத் தாண்டினால்தான் உண்டு என்று பொறுமையாக விளக்கியவர் திரையில் வந்த உஸ்தாஸ். இதுவா கூத்து?

2010இல் அதே அலைவரிசையில் இளம் இமாமைத் தேர்ந்தெடுக்கும் ‘இமாம் மூடா’ போட்டி நிகழ்ச்சி வந்தபோதும் இதே பேச்சுதான். போட்டி என்றதும் பாட்டுப் போட்டியைப் போல் எண்ணிவிட்டார்கள். அந்த இளைஞர்களோ, உரிமை கோர ஆளில்லாத மய்யித்தை (இறந்தவரின் உடலை)க் குளிப்பாட்டி, கபன் துணியிட்டு அடக்கம் செய்தார்கள். அவர்களை மதிப்பிட்டவர் தேசியப் பள்ளிவாசலின் முன்னாள் தலைமை இமாம். அதைப் பார்த்த பிறகுதான் என் தம்பி, மய்யித்தைக் குளிப்பாட்டும் முறையைத் தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அதுவரை எந்தப் பயானும் அவனைக் கேட்க வைக்கவில்லை.

வணிகமாகிவிடும் என்கிறீர்களா? ஆகத்தான் செய்கிறது. 2013 ரமளானில் பாகிஸ்தான் தொலைக்காட்சியொன்றின் பரிசு நிகழ்ச்சியில், கைவிடப்பட்ட குழந்தைகளை நேரலையில் தம்பதிகளிடம் கொடுத்தார்கள். அதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். அதை வைத்து என் உம்மாவின் துஆத் தாளை எடை போடாதீர்கள் என்கிறேன்.

மார்க்கத்தோடு மேடையும் பாட்டும் சேரலாமா என்று பினாங்கில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முஹர்ரம் நாட்களில் தெருத்தெருவாகப் பாடிப் போன போரியா என்ற பாட்டுக்கலை இந்த ஊரில் வளர்ந்தது. அது மார்க்கத்தில் சேராதது என்பீர்கள், சரி, விடுங்கள். நாகூர் ஹனீபாவின் ஒலிநாடா ஓடாத தமிழ் முஸ்லிம் வீடு எது? அன்று ஹனீபாவைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள்தான் இன்று முன்வரிசையில் சிரித்தார்கள். அதுதான் வலிக்கிறது.

இந்தப் பெண்கள் ஏன் தொலைக்காட்சியிடம் போனார்கள் என்று யாராவது கேட்டீர்களா? பெண்களுக்குத் தமிழில் ஒரு வகுப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் மண்டபம் காலியில்லை என்ற பதில்தான் வந்தது. கல்யாண விருந்துக்கு அதே மண்டபம் கிடைத்தது. எங்கள் பகுதியின் ஒலிபெருக்கி பழுதாகிப் பல மாதம் கிடந்தது. பயானில் பாதி எங்களுக்குக் கேட்காது. எங்களை இழிவாகப் பேசிய அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

ஆலிமை எதிர்த்து ஒரு பெண் எழுதலாமா என்று கேட்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஹஜ்ரத்தின் கல்வியை மதிக்கிறேன், அவரிடமே படிக்கத்தான் கேட்கிறேன். உம்மா இன்று இல்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. அவரைப் போன்ற பெண்கள் நம் பள்ளிவாசலைச் சுற்றி இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பெருநாள் முடிந்ததும், ஞாயிறு பிற்பகலில் பெண்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்தக் கோரி நிர்வாகத்திடம் மனுக் கொடுக்க இருக்கிறோம். கையொப்பமிட விரும்பும் சகோதரிகள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.