ஒப்புகை எண் கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்தார்

இன்று காலை 9:10க்கு என் வருமான வரி வேலையைப் பார்க்கும் ஆடிட்டரிடமிருந்து போன். "மேடம், மொத்த டிமாண்டுல பத்து பர்சென்ட் ரெடி பண்ணுங்க. உள்ள நம்ம ஆள் இருக்கு. செட்டில்மென்ட்ல முடிச்சிடலாம்." நேற்று மூன்று மணி நேரம் அவர் ஆபீசில் உட்கார்ந்துவிட்டு, வயிறு எரிய வீட்டுக்கு வந்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவளிடம் இப்படிப் பேச எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது.

வரி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிட்டர் தேடி அலைந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நேற்று நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

நான் போனது ஒரே ஒரு எண்ணுக்காக. 2021இல் எனக்காகப் "போட்டாச்சு மேடம்" என்று அவர் சொன்ன திருத்த மனுவின், அதாவது நோட்டீஸில் உள்ள தப்பைச் சரிசெய்யக் கேட்கும் மனுவின், ஒப்புகை எண். இணையதளத்தில் மனுவைப் போட்டு முடித்ததும் திரையில் வந்து நிற்கும் எண் அது. 10:30க்குப் போனேன். "உட்காருங்க, ஒரு கால் பேசிட்டு வந்துடறேன்." அந்த கால் முடிய 11:05. டீ சொன்னார். வேண்டாம் என்றேன். டீ வந்தது. எண்ணைக் கேட்டேன். "அது எங்க போகப்போகுது மேடம், டீ ஆறிடும்." மறுபடி கேட்டேன். ஃபைலை எடுக்கச் சொல்லி உதவிக்கு இருந்த பெண்ணை அனுப்பினார். அந்தப் பெண் பீரோவைத் திறந்து என் பெயரில் தேடினாள், இல்லை. கணவர் பெயரில் தேடினாள், இல்லை. கடைசியில் சித்தப்பா பெயர் எழுதிய ஃபைலுக்குள்ளிருந்து என் நோட்டீஸ் நகல் வந்தது. நான் பர்சில் வைக்க நாலாக மடித்திருந்தேன். அந்த மடிப்பு அப்படியே இருந்தது. நாலு வருஷமாக அந்தத் தாளை ஒருவரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை!

அப்புறம் "சர்வர் டவுன்" என்றார். என் போனில் அதே தளத்தைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். நன்றாகத்தான் திறந்தது. மணி 12:20. வேறு வழியில்லாமல் மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பக்கம் பக்கமாக ஊர்ப்பட்ட பேருடைய பான் எண்களும் பாஸ்வேர்டுகளும். எதிரே உட்கார்ந்திருந்த என்னாலேயே படிக்க முடிந்தது. என் கணக்கு திறந்தது. ஓடிபி வந்தது, அவர் போனுக்கு. ப்ரொஃபைல் பக்கத்தைப் பார்த்தேன். அதிலிருந்த மொபைல் எண் என்னுடையது இல்லை. மெயிலும் என்னுடையது இல்லை. இரண்டும் அவருடையவை. ரிட்டர்ன் போட்ட நாளிலேயே மாற்றி வைத்திருக்கிறார். துறை எனக்கு அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் நாலு வருஷமாக அந்த மனிதருக்குப் போயிருக்கிறது. திருத்த மனுக்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் பக்கம். அந்த மனு போடப்படவே இல்லை.

இத்தனைக்கும் நோட்டீஸில் கேட்ட அந்த வரிப் பாக்கி என் கடனே இல்லை. 2019-20இல் அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். மாதாமாதம் சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்தார்கள், மொத்தம் 68,000 சொச்சம். பிடித்ததை அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. கொரோனாவில் கம்பெனியை மூடிவிட்டார்கள். என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது ஏறவே இல்லை. 2021 பிப்ரவரியில் ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து 143(1)ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தது, வட்டியோடு 79,000 கட்டு என்று. மாதம் ஒரு சதவீத வட்டி, 790 ரூபாய், கட்டச் சொன்ன 30 நாள் முடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. 2023இல் வரவேண்டிய 11,400 ரூபாய் ரீஃபண்டையும் இந்தப் பாக்கிக்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள். எடுப்பதற்கு முன் ஆட்சேபம் உண்டா என்று கேட்டு 245ஆம் பிரிவின்கீழ் ஒரு கடிதம் வரும். வந்திருக்கிறது. யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

சம்பளத்தில் வரி பிடித்துவிட்டால், பிடித்த அளவுக்கு அதே வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. இப்படிப்பட்டவர்களிடம் கட்டாய வசூல் வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியமே 2015இல் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. இதை எனக்குச் சொன்னது போன வாரம் பார்த்த ஒரு இளம் ஆடிட்டர் பெண். என் நோட்டீஸை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த வருஷத்து சம்பளச் சீட்டு இருக்கா?" நாலு வருஷத்தில், 15,000 ரூபாய் வாங்கிக்கொண்ட மனிதர் ஒரு தடவைகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பணத்தைக்கூட விட்டுவிடுவேன். அவர் தின்ற நாட்களை யார் திருப்பித் தருவார்கள்? அப்பீலுக்கு 30 நாள். கொரோனாவை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் கெடுக்களை நீட்டித்ததால் அது 2022 மே வரை எனக்குக் கை கொடுத்திருக்கும். போனது. திருத்த மனுவுக்கு, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நாலு வருஷம். 2025 மார்ச் 31ஓடு அதுவும் போனது. அந்த மார்ச் மாதம் நான் இரண்டு தடவை போன் செய்தேன். "ப்ராசஸ்ல இருக்கு மேடம்." ப்ராசஸில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்!

இப்போது செட்டில்மென்ட் என்கிறார். வருமான வரித் துறையில் பேரம் பேசிக் குறைக்கும் கடை எதுவும் இல்லை. வரித் தகராறுகளை முடித்து வைக்க 2024இல் வந்த விவாத் சே விஸ்வாஸ் திட்டம், அந்த ஜூலை 22 அன்று அப்பீல் நிலுவையில் இருந்தவர்களுக்கானது. என் அப்பீலைத்தான் அவர் போடவே இல்லையே! உண்மையிலேயே கடன்பட்டவர்கள் தவணை கேட்பதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு, மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதிக் கேட்கலாம். அதற்கு உள்ளே ஆள் தேவையில்லை. "பத்து பர்சென்ட்" என்ற பேச்சே தப்பு. இந்த மாதிரி வேலைக்கு சதவீதக் கணக்கில் கட்டணம் வாங்குவது சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்களுக்கு ஒழுங்கு மீறல் என்று 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது.

ஆனால் அவரை யாரிடம் புகார் செய்வது? ராத்திரி ஒரு மணிக்கு, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்களின் அமைப்பான ஐசிஏஐ தளத்தில் உறுப்பினர் பட்டியலைத் தேடினேன். அவர் பெயர் இல்லை. அவர் ஆடிட்டரே இல்லை. நம் ஊரில் கம்ப்யூட்டர் வைத்து ரிட்டர்ன் போடுகிற எல்லாரையும் ஆடிட்டர் என்று கூப்பிடுகிறோம், அவரும் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறார். சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், வக்கீல், பதிவு பெற்ற வரி ஆலோசகர் என்று துறை முன் நமக்காக யார் ஆஜராகலாம் என்பதை வருமான வரிச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. நான் எதையும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? சித்தப்பா சொல்லி அனுப்பிய ஆள். "பெரிய இடத்துக்கெல்லாம் பாக்குறவரும்மா." அவரிடம் போய் உங்கள் உறுப்பினர் எண் என்ன, ரசீது எங்கே என்று கேட்டால் சித்தப்பாவையே சந்தேகப்பட்டதாகிவிடும். நேற்று ஆபீசில் நடந்ததைச் சொன்னதற்கு, "கொஞ்சம் பொறுமையா போம்மா, நல்ல மனுஷன்" என்றார் சித்தப்பா. மாதம் 790 ரூபாய் பொறுமை! வட்டி மட்டும் 40,000 அளவில் நிற்கிறது.

அந்த இளம் ஆடிட்டர் 1,500 ரூபாய் வாங்கினார், ரசீது கொடுத்தார், என்னென்ன எழுதப்போகிறார், எந்த அதிகாரிக்கு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தந்தார். ஜெயிக்கும் என்று சத்தியம் செய்யவில்லை. பாஸ்வேர்டை மாற்றுங்கள், உங்கள் எண்ணையே போடுங்கள், எனக்கும் சொல்ல வேண்டாம் என்றார். நான் கேட்டது இவ்வளவுதான். ஒரு தாளைப் படிக்கிற ஆள். இதற்கா நாலு வருஷம்?

சரி, அவர் கேட்டபடி 12 சம்பளச் சீட்டையும் தேடி எடுத்துவிட்டேன். கைக்கு வந்த சம்பளத்தைக் காட்ட 2019-20 வங்கிக் கணக்கு விவரமும் வேண்டும். பத்து மணிக்கு பேங்க்குக்குப் போனேன். பாஸ்புக் அடிக்கிற மெஷின் ரிப்பேர், எப்போது சரியாகும் என்று தெரியாதாம். அந்தக் கணக்கு அம்பத்தூர் கிளையில் திறந்ததாம், பழைய விவரத்துக்கு அங்கேதான் போய் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கு! என் கணக்கு, என் பணம், அவர்களுடைய கம்ப்யூட்டர். திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கவுன்டரில் "மூடப்பட்டது" பலகையை வைத்துவிட்டார். மணி அப்போது 10:40.